விடுதிப் பாதையில் பிளக்ஸ் அறுத்தது சம்பந்தமாகக் காப்பாளர் தங்கச்செல்வி சொன்னது

என் பெயர் தங்கச்செல்வி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் பாண்டீஸ்வரன், நூல் மில்லில் ஃபிட்டராக இருக்கிறார். குடியிருப்பு அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் உள்ள தனியார் பெண்கள் கல்லூரியின் விடுதியில் காப்பாளராக வேலை பார்க்கிறேன். என் மேல் வந்த புகார் மனு சம்பந்தமாக விசாரணைக்கு அழைத்ததன் பேரில் இன்று காலை நிலையத்தில் ஆஜராகி, சார்பு ஆய்வாளர் கேட்க, நான் சொல்ல, தலைமைக் காவலர் சங்கரம்மாள் எழுத, இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தேன்.

எங்கள் விடுதி மெயின் ரோட்டிலிருந்து வடக்கே நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் மண் பாதையில் நடந்துதான் வரவேண்டும். பாதையின் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலங்காடு, ஆள் நின்றால்கூடத் தெரியாத அளவுக்கு அடர்த்தி. பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகள் அந்தப் பாதையில் வருவதற்குப் பயந்துகொண்டு, நாலைந்து பேர் சேர்ந்தால்தான் நடப்பார்கள். கல்லூரி விழாவுக்கு வந்த எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஜெகதீஸ்வரனிடம் பிள்ளைகள் வெளிச்சம் கேட்டார்கள். அவரும் மறக்காமல் தொகுதி மேம்பாட்டு நிதியில் பாதை நெடுகச் சோலார் விளக்குகள் போட்டுக் கொடுத்தார். அதற்கு அப்போதே நன்றி சொல்லிவிட்டோம். விளக்கு முதன்முதலில் எரிந்த சாயந்தரம், வேலை இல்லாத பிள்ளைகள்கூடப் பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். நானும் ஒரு தடவை போய் வந்தேன்.

அதன் பிறகு சட்டமன்ற உறுப்பினரின் பிறந்த நாள் வந்தது. அவருடைய கட்சியின் ஒன்றியச் செயலாளர் வீரபாண்டி ஆட்களைக் கூட்டிவந்து, விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் பிளக்ஸ் கட்டினார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை என்று சார்பு ஆய்வாளர் சொல்லிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். பிளக்ஸில் சட்டமன்ற உறுப்பினர் கைகூப்பி நிற்பார். “இருள் நீக்கிய எங்கள் சூரியனே” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கீழே வரிசையாகக் கட்சிக்காரர்கள், அதற்கும் கீழே எங்கள் கல்லூரிச் செயலர், கடைசி வரிசை ஓரத்தில் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை, ஆண்டு விழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கணவரிடம் காட்டினேன், “படத்துல நல்லா விழுந்திருக்க” என்றார்.

அதற்கு அப்புறம் விளக்குகள் மங்க ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் அறவே எரியவில்லை. விளக்கு போட்ட மதுரைக் கம்பெனிக்குப் போன் செய்தேன், பேட்டரி கோளாறாக இருக்கும், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஆள் வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டதற்கு மேகமூட்டமாக இருக்கும் என்றார்கள். மாசி மாதத்தில் திருச்சுழிப் பக்கம் மேகத்தைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். அதனால் சாயந்தரம் கடைசியாக வரும் பிள்ளைகளுக்காக நானே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்க் கூட்டிவந்துகொண்டிருந்தேன்.

சம்பவம் நடந்த அன்று தண்ணீர் லாரி தாமதமாக வந்து, தொட்டி நிரம்புகிறவரை நான் நகர முடியவில்லை. மூன்றாம் ஆண்டு படிக்கும் அனுசியா என்கிற பிள்ளை அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பை முடித்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்குப் பஸ்ஸில் வருவாள். அவளுக்குச் சொந்த ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. தகப்பனார் சோணைமுத்து முன்பு கூலி வேலை பார்த்து, இப்போது லோனில் வாங்கிய லோடு வேன் ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் பெண் அவள்தான். அன்று அவள் வர வேண்டிய நேரம் கடந்தும் வரவில்லை. போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அதன் பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு பாதையில் ஓடினேன்.

பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரர், பிள்ளை இறங்கி நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். பின்னாலேயே பைக்கில் இரண்டு பேர் போனதையும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு நான் பாதையில் நிற்கவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கருவேலங்காட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே ஓரிடத்தில் சிவப்பாக நெருப்பு தெரிந்தது. அங்கே கரிமூட்டம் போட்டிருந்தார்கள். கருவேல விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் உள்ளே இருப்பது எல்லாம் சாம்பலாகிவிடும் என்பதால், ஒரு ஆள் அதை விட்டு நகராமல் காவல் இருப்பது வழக்கம். அன்று காவல் இருந்தது மூக்கம்மாள் என்பவர். சோறு பொங்குவதற்கு அடுப்பு மூட்டியிருந்தார், நான் கண்டது அந்த நெருப்பைத்தான்.

மூக்கம்மாள் கையில் மண் தள்ளுகிற நீளக் கம்போடு எங்களை மறித்தார். வாட்ச்மேனைப் பார்த்து, “ஆம்பள ஆளு அங்கனயே நில்லு” என்றார். நான் காப்பாளர் என்று சொன்னேன். “நீ யாருன்னு நீ சொன்னா ஆச்சா, புள்ள சொல்லணும்” என்றார். நான் அனுசியா என்று கூப்பிட்டேன். கரி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, “மேடம், நான் இங்கதான் இருக்கேன்” என்று குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளலாம்.

பைக்கில் வந்தவர்கள் வழியை மறித்து, ஒருவன் அவள் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் பையை அவனிடமே விட்டுவிட்டு, செருப்பையும் உதறிவிட்டு, தூரத்தில் தெரிந்த அந்த அடுப்பு வெளிச்சத்தைப் பார்த்துக் காட்டுக்குள் ஓடியிருக்கிறாள். போன் பையில் இருந்தது. விரட்டி வந்தவர்கள் மூக்கம்மாள் கம்போடு எழுந்து சத்தம் போட்டதில் திரும்பிப் போய்விட்டார்கள். அவளுக்குக் குதிகாலில் முள் ஏறியிருந்தது, வேறு காயம் இல்லை. நான் போன நேரம் மூக்கம்மாள் ஊக்கால் முள்ளை எடுத்து முடித்திருந்தார். கிளம்பும்போது அவருக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன். “மூட்டத்த விட்டு வர முடியல, இல்லாட்டி நானே கொண்டாந்து விட்டிருப்பேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பையை இழுத்தவர்கள் மேல் அனுசியா தனியாகப் புகார் கொடுத்திருக்கிறாள், அவர்கள் இருவரும் பிடிபட்டது இந்த நிலையத்தாருக்கே தெரியும். அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் சோணைமுத்து வேனோடு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். மகளுடைய பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார். அவள் எடுக்கவில்லை. அவர் என்னிடம், “உங்க மேல குத்தமில்ல மேடம். ஆனா இருட்டுல எம்புள்ளய நடக்க விட மாட்டேன். ஊருக்குள்ள மாப்பிள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக” என்றார். அனுசியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி, அதை முடித்தால் பட்டம். நான் அவரிடம் இன்று ஒரு நாள் பொறுங்கள், விளக்கு எரிய ஏற்பாடு செய்கிறேன் என்றேன். எப்படிச் செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர், “எரிஞ்சா பாக்கலாம்” என்று சொல்லி வேனிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு அனுசியாவின் பையைத் தேடிப் பாதையில் நடந்தேன். ஒரு கம்பத்தடியில் பை கிடந்தது, போன் உள்ளேயே இருந்தது. குனிந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது சட்டமன்ற உறுப்பினர் கைகூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருடைய தலைக்கு மேலே சோலார் தகடு இருக்க வேண்டும், தெரியவில்லை. பிளக்ஸைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். தகடு படத்துக்குப் பின்னால் நிழலில் இருந்தது. வெயில் படத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று சார்பு ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். தகடுகளைத் தெற்குப் பார்த்துத்தான் வைப்பார்கள், வெயில் அந்தப் பக்கம்தான் விழும். மெயின் ரோடும் தெற்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று பிளக்ஸையும் தெற்குப் பார்த்தே கட்டினார்கள். கீழே கட்டினால் ஆடு கடிக்கும், எதிர்க்கோஷ்டி கிழிக்கும் என்று மரச்சட்டம் அடித்து உச்சியில் ஏற்றிக் கட்டினார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது. தலைவர் முகம் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே யாருக்கும் கிடையாது. மொட்டை மாடியில் வத்தல் காயப்போடும்போது ஒரு கை நிழல் விழுந்தாலே தட்டை நகர்த்தி வைக்கிறவள் நான். அந்தப் பாதையில் தினமும் டார்ச்சோடு நடந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உடனே வீரபாண்டிக்குப் போன் போட்டு, பிளக்ஸைக் கொஞ்சம் இறக்கிக் கட்டச் சொன்னேன். அவர், “மேடம், நாளைக்குக் கட்சித் தலைமையில இருந்து ஆளு வாராக, அது முடியட்டும்” என்றார். பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னேன். “ஒரு நாள்தான மேடம், அனுசரிச்சுக்கங்க” என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை. சமையல்கட்டிலிருந்து அரிவாளையும் தோட்டத்து ஏணியையும் எடுத்துவந்து, விடுதிப் பக்கத்துக் கம்பத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏறிக் கயிற்றை அறுத்தேன். ஏணியைப் பிடித்தது யார் என்று கேட்கப்பட்டது. ஏணி தானாக நின்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் நான் சொல்வதாக இல்லை. பிளக்ஸைக் கிழிக்கவில்லை, மிதிக்கவில்லை, சுருட்டிப் பாதை ஓரமாக அடுக்கினேன். சட்டமன்ற உறுப்பினர் படத்தை வேண்டுமென்றே அவமதித்தேன் என்று புகார் எழுதியவர்கள், அதில் என் படமும் இருந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

பாதி தூரம் வந்தபோது வீரபாண்டி ஆட்களோடு வந்து ஏணியை எடுத்துவிட்டார். நான் அறுப்பதை ஒருவர் போனில் படம் எடுத்தார். அதன் பிறகு அவர்கள் நேராக இங்கே வந்து மனு கொடுத்ததாக அறிகிறேன். மதியம் சட்டமன்ற உறுப்பினரே எனக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். “பயலுக கொதிச்சுப் போயிருக்கானுகம்மா. வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க, நான் அடக்கிருதேன்” என்றார். முடியாது என்றேன். கல்லூரிச் செயலரும் அதையே சொன்னார், வேலைக்கு ஆபத்து என்றும் சொன்னார். அவரிடமும் முடியாது என்றேன். பொழுது சாய்கிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருட்டியது. நான் அறுத்த இடத்திலிருந்து விடுதி வரைக்கும் விளக்குகள் எரிந்தன. பகல் முழுக்கக் குடித்த வெயில் போதுமானதாக இருந்தது. மெயின் ரோட்டுப் பக்கத்துப் பாதி இருட்டாகக் கிடந்தது. சோணைமுத்து வேனை விட்டு இறங்கி, எரிகிற கடைசி விளக்கின் அடியில் போய் நின்றுகொண்டு அந்த இருட்டைப் பார்த்தார். பிறகு, “பாதிதான் மேடம்” என்றார்.

அந்த நேரத்தில் சட்டமன்ற உறுப்பினரின் கார் மெயின் ரோட்டிலிருந்து திரும்பியது. வீரபாண்டியும் ஆட்களும் பின்னால் வந்தார்கள். காரிலிருந்து அவர் இருட்டுப் பாதியிலேயே இறங்கினார், ஏன் என்று தெரியாது. செல்போன் வெளிச்சத்தில் தடுமாறித் தடுமாறி நடந்து எங்களிடம் வந்தார். சோணைமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, “அய்யா, நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வேன்ல கொடி கட்டி ஓட்டுனவன். என் மகள இங்கன விட்டுட்டுப் போகவா, கூட்டிட்டுப் போகவா? நீங்களே சொல்லுங்க” என்றார். சட்டமன்ற உறுப்பினர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பிறகு வீரபாண்டியைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் அவிழ்த்துவிடச் சொன்னார். வீரபாண்டி, “அண்ணே, நாளைக்குத் தலைமையில இருந்து வாராக” என்றார். “அவுக என் மூஞ்சியப் பாக்கணும்னா வீட்டுக்கு வரட்டும். அவிழுப்பா” என்றார். வீரபாண்டி நகரவில்லை என்றதும், “இந்தா பாரு, சர்க்கார் காசுல போட்ட லைட்டு. இதுல என் படத்த மாட்டுனதே தப்பு, நானும் வேண்டாம்னு சொல்லல. போன மாசம்தான் சட்டசபையில பொம்பளப் புள்ளக பாதுகாப்பு பத்தி எந்திரிச்சுப் பேசிட்டு வந்தேன். எனக்கு வெக்கமா இருக்குப்பா” என்றார். அதன் பிறகு ஆட்கள் கார் லைட்டைப் போட்டுக்கொண்டு மீதிப் பிளக்ஸ் முழுவதையும் இறக்கினார்கள். மனுவைத் திரும்ப வாங்கச் சொல்வதாகவும், இனிமேல் தொகுதி நிதியில் செய்கிற வேலை எதிலும் தன் படம் இருக்காது என்றும் எல்லோர் முன்னாலும் சொன்னார். மனு இன்னும் திரும்பவில்லை, அதனால்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன். மற்றதை எவ்வளவு நாள் காப்பாற்றுவார் என்பது எனக்குத் தெரியாது. சொன்னார் என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் நல்லவர் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். கட்டியிருக்கக் கூடாததை அவிழ்க்கச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்று அவர் அதைச் சொல்லாமலும் போயிருக்கலாம்.

சோணைமுத்து பாலவனத்தத்தில் உள்ள தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் சாயந்தரம் திரும்ப வந்தார். அன்று பாதை முழுக்க எரிந்தது. அனுசியா காலில் கட்டோடு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சோணைமுத்து பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கக் கிளம்பினார். அவருக்குப் போன் வந்தது. “அப்பா, நீங்க அங்கன வராதீக. கேட்லயே நில்லுங்க. நான் நடந்து வாரேன்” என்றாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் விடுதிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பஸ் நின்று போகும் சத்தம் கேட்டது. கடைசி முனையில் சின்னதாக ஒரு உருவம் வெளிச்சத்துக்குள் வந்தது. கொஞ்சம் நொண்டி நடந்தது. ஒவ்வொரு விளக்கடியிலும் அது பெரிதாகிக்கொண்டே வந்தது. சோணைமுத்து மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வந்து சேர்ந்ததும் எங்களைப் பார்த்து, “எதுக்கு ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீக? வேன எடுத்துட்டுக் கெளம்புங்கப்பா, நாளைக்கு லோடு இருக்குன்னு சொன்னீகல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைக் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

நான் சொன்னது இவ்வளவுதான். தலைமைக் காவலர் சங்கரம்மாள் எழுதியதைப் படித்துக் காட்டினார். முடிவில், நடந்த செயலுக்காக வருந்துகிறேன் என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று கேட்டேன். வழக்கமாக எல்லோருக்கும் அப்படித்தான் போடுவது, கை தானாக எழுதிவிட்டது என்றார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்துவிட்டு, வேறு என்ன எழுத என்று கேட்டார். எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று எழுதச் சொன்னேன். சார்பு ஆய்வாளர் தலையசைக்க, அவ்வாறே எழுதப்பட்டது.

எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மேலே உள்ளது முழுவதும் என் வாயால் சொன்னது, நடந்தது நடந்தபடி உண்மை. அடித்தல் ஒன்று, அது என் சொற்படி செய்தது.

(ஒப்பம்) பா. தங்கச்செல்வி

என் முன்பாக,
சார்பு ஆய்வாளர்